சங்கிலி ஜெபத்தில் என் அரை மணி நேரம்

சபையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். யார் தூங்குகிறார், யார் போனைப் பார்க்கிறார், யாருடைய உதடு மட்டும் சும்மா அசைகிறது என்றெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கெட்ட பழக்கம்தான். ஆனால் முப்பது வருடம் தேனி கம்பம் பாதையில் பஸ் செக்கராக இருந்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவேன் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு முன்பே ஒரு வாய்க்கால் பாலத்தில் நின்று கை காட்டுவேன். ஏறியதும் டிக்கெட் கேட்க மாட்டேன். முகங்களைத்தான் பார்ப்பேன். டிக்கெட் எடுக்காதவன் சன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஆண்டவரிடமும் அதே கதைதான். ஜெபம் பண்ணிவிட்டு, கேட்டாரா இல்லையா என்று மறுநாள் காலையிலேயே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். காய்ச்சல் விட்டால், அது அவர் செய்ததா மாத்திரை செய்ததா என்று குடைந்துகொண்டிருப்பேன். என் மனைவி நேர்மாறு. ஜெபித்து ஆமென் சொன்ன கையோடு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். "அவ்வளவுதானா?" என்று கேட்டால், "சொல்லியாச்சுல்ல, இன்னும் என்ன?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. தேனியில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். என்ன மாதிரிக் கட்டி என்பது எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே பார்க்கிற முகம் எனக்குத் தெரியாதா? அவள் போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்கு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று சபையார் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை, ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். அவரவர் வீட்டில் இருந்தபடியே அவளுக்காக ஜெபிக்க வேண்டும். முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, "நான் முடிச்சிட்டேன், நீங்க ஆரம்பிங்க" என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது. பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோகிற நேரம் பன்னிரண்டு மணி. பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை என் பெயர். அந்த நேரத்தை எனக்குக் கொடுக்கச் சொன்னது அவள்தான்.

மருத்துவமனையில் மகள் கூட இருந்தாள். நானும் இருக்கிறேன் என்றேன். என் மனைவி விடவில்லை.

"நீங்க இங்கன நின்னா டாக்டருகிட்டயே டிக்கெட் கேப்பீக. வீட்டுக்குப் போயி முழங்கால் போடுங்க. நான் உள்ள போறப்ப நீங்க ஜெபத்துல இருக்கணும். அது போதும் எனக்கு."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அல்லிநகரத்தில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கடிகாரம் எட்டே முக்கால் காட்டியது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்க்கப் பார்க்க அவரவர் லட்சணம் ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு பிரசங்கத்தில் ஐந்து நிமிடம் விழித்திருக்க முடியாதவர்கள் இவர்கள். இவர்களா அரை மணி நேரம் ஜெபிக்கப் போகிறார்கள்? இவர்கள் கையிலா என் மனைவியின் உயிரைக் கொடுத்திருக்கிறது? ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன்.

ஒன்பது மணி வீடு இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். காம்பவுண்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். வாசல்படியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பது பத்து! உதடு அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. பத்து மணி வீடு பழனிசெட்டிபட்டியில் ஒரு தையல்காரர். தெருவிலேயே மெஷின் சத்தம் கேட்டது. பள்ளிச் சீருடை மலைபோலக் குவிந்து கிடக்க, அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே போய்க் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் ஒரு செக்கர் முதல் பஸ்ஸிலேயே சத்தம் போட்டால் அடுத்த பஸ்ஸுக்குச் சேதி போய்விடும். பேசாமல் திரும்பினேன். போனைக்கூடச் சத்தம் வராமல் செய்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒளிந்து நிற்கிறவனைக் காட்டிக்கொடுப்பது போன் சத்தம்தான்.

பதினொன்றரை வீடு வீரபாண்டியில், தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுடையது. சங்கிலியில் எனக்கு முந்தின கண்ணி. முடித்ததும் எனக்குத்தான் அவள் போன் செய்ய வேண்டும். நான் போனபோது பதினொன்றே முக்கால். கதவில் பூட்டுத் தொங்கியது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஜெப நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போயிருக்கிறாள்! வரட்டும், வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறேன் என்று வேப்பமர நிழலில் நின்றேன். என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்றும் பார்த்தேன். தெருமுனையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அவள் தெருமுனையிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைத் தோட்டத்திலிருந்து வந்தாள். முழங்காலில் ஈரமண் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கண்ணே! வீட்டுல பக்கத்து வீட்டு டிவி சத்தம், அதான் பூட்டிட்டு அங்கன வாழைக்குள்ள போயி உக்காந்துட்டேன். பன்னெண்டுக்கு உங்களுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன், எடுக்கல. ஆரம்பிச்சிருப்பீக, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டு, வாழைக்குத் தண்ணி திருப்பிவிட்டுட்டு இப்பத்தான் வாரேன். அதுக்குள்ள முடிச்சிட்டா வந்தீக?"

அவள் கேட்டதில் கள்ளம் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக் கேட்டாள்.

கையைத் திருப்பி மணி பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து.

நான் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எந்த முகம் அது என்று எனக்கே தெரிந்தது. சீட்டைத் தூக்கிப் போனை எடுத்தால், அவளுடைய இரண்டு அழைப்புகள், மகளுடைய ஒன்று. மகள் பன்னிரண்டு ஐந்துக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "அப்பா, அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக. போறப்ப, அப்பா இந்நேரம் ஜெபத்துல இருப்பாகன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக."

வண்டியை எப்படிக் கிளப்பினேன் என்று தெரியாது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, வயல் வரப்பில் இறங்கி உட்கார்ந்தேன். அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே, சங்கிலியை அறுத்தது நான்தானே! அவள் கேட்டது அந்த ஒரு அரை மணி நேரம். அந்த நேரத்தில் நான் பூட்டிய கதவைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன முகத்தோடு வீட்டுக்குப் போவேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

எனக்குச் சபையில் நீளமாக ஜெபிக்க வரும். வசனத்துக்கு மேல் வசனமாக வந்து விழும். அன்று ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, டிக்கெட் எடுக்காம ஏறிட்டேன். என்னை வேணும்னா இறக்கிவிடும். அவளை இறக்கிவிடாதேயும்" என்றேன். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. கேட்கிறாரா என்று சந்தேகப்படக்கூட எனக்கு அப்போது யோக்கியதை இல்லை.

ஒன்றே முக்காலுக்கு மகள் கூப்பிட்டாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றாள். நான் நேராக மருத்துவமனைக்குப் போனேன். அவள் கண் விழிக்கச் சாயங்காலம் ஆனது. மகள் காபி வாங்கக் கீழே போயிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள். அதைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை.

"நீ உள்ள போனப்ப நான் ஜெபத்துல இல்ல. வீடு வீடா செக்கிங் போயிட்டேன்" என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் என் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினாள். பிறகு, வறண்ட தொண்டையோடு, "எத்தன பேரு மாட்டுனாக?" என்று கேட்டாள்.

"ஒருத்தன்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அத நெனச்சா அழுவுறீக? உங்க ஜெபத்த நம்பியா நான் உள்ள போனேன்? அதக் கேக்குறவர நம்பில்ல போனேன்."

முப்பது வருடத்தில் டிக்கெட் இல்லாத ஒருவரையும் நான் அப்படிச் சும்மா விட்டதில்லை. அவரைக்காய் உரித்த அம்மாளும் தையல்காரரும் ஜெபித்தார்களா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று நாக்கு அரிக்கிறது, பொய் சொல்வானேன். அன்று மட்டும் அந்த நினைப்பே வரவில்லை.

"ரிப்போர்ட்டு வரணும்ல, இப்ப ஜெபம் பண்ணுங்க" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலோரம் நின்று கண்ணை மூடி ஆரம்பித்தேன். நாலு வார்த்தை போவதற்குள் வழக்கம்போல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பாமல், அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தேன்.