மலை வேகவைக்கும் முப்பிடாதியம்மாள்

மழை வேண்டுமென்றால் முப்பிடாதியம்மாள் பெருவிரலால் போனைத் தேய்க்கிறார். திரையின் உச்சியிலிருந்து நீலப் பொடி கொட்டுகிறது. மேசைக்கு எதிரே நிற்கும் விவசாயி, "எக்கா, எங்க காட்டுக்கு லாரி எப்ப வரும்?" என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. மலை வெந்துக்கிட்டிருக்கு."

சங்கரன்கோவிலில் ஆழ்துளைப் போர் போடும் லாரிகளுக்கான அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் போன் எடுப்பவர் இவர். வயது நாற்பத்து மூன்று. பேனாவைத் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கடையநல்லூரில் வாங்கிய பழைய போனில் அந்த விளையாட்டு ஏற்கெனவே இருந்தது. மணல், நீர், கல், எரிமலைக் குழம்பு என எதையும் பொடிப்பொடியாகக் கொட்டலாம். கனமானது அடியில் போகும். நீர் சந்து தேடி ஓடும். குழம்பில் நீர் பட்டால் கல்லாகும். வெற்றி, தோல்வி என்று எதுவும் கிடையாது. பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் இவர் நிறம் பார்த்து எடுக்கிறார்.

"மேற்கு மலைய நாலு தடவ செஞ்சுட்டேன். மூணு தடவ சிவகிரி உள்ள முங்கிட்டு. அவ்வளவு பேரும் பாவம்" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

சிரிப்புக்குக் கீழே ஒன்பது தடித்த நோட்டுகள் இருக்கின்றன. எந்த ஊரில் துளை போட்டாலும், இருபதடிக் குழாய் ஒன்று இறங்கியதும் டிரைவர் இவருக்குப் போன் செய்தாக வேண்டும்.

"என்ன வருது வே?"

"பொடி வருதுக்கா."

"எந்தப் பொடி? கருப்பா, வெள்ளையா? மாவா இருக்கா, நறநறன்னு இருக்கா?"

"இட்லி ஊத்திப் பாத்துச் சொல்லுதேன்."

எழுதி வைத்ததை எல்லாம் அடுக்கடுக்காகப் போனில் கொட்டி, மழை பெய்யவிட்டு, நீர் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். பொம்மையை உண்மை என்று நம்பும் ஏமாளி அல்ல. "இதுல பாறைக்கு வெடிப்பே கிடையாது. நாமதான் கீறணும். தப்பாக் கீறுனா தப்பாத்தான் ஓடும்" என்பார். தன் தெய்வத்தைப் பற்றி இப்படிப் பேசும் பக்தரை நான் சந்தித்ததில்லை.

சென்ற சித்திரையில் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஊராட்சிக்காகத் துளை போடும் வேலை வந்தது. அந்த ஊரில் மேலத்தெரு மேற்கே, காலனி கிழக்கே. தண்ணீர் காலனிக்குத்தான். ஆனால் இடம் பார்ப்பவர் காசிராஜன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். நீருள்ள இடத்தில் அது எழுந்து நிற்குமாம். முன்பு மூன்று முறையும் அது மேலத்தெருவில்தான் எழுந்தது. மூன்றிலும் கொஞ்ச நாள் ஊறி வற்றியது. அந்தக் கொஞ்ச நாளும் மேலத்தெரு பிடித்து முடிக்கும் வரை காலனிப் பெண்கள் குடத்தோடு ஓரமாக நின்றார்கள். நான்காவதும் அங்கேதான் என்றார் காசிராஜன். இதுவும் வற்றினால் அடுத்த துளைக்கு எத்தனை ஆண்டோ!

கிராமசபைக்கு மதிப்பீட்டுத் தாளைக் கொடுக்கப் போன முப்பிடாதியம்மாள், தாளைக் கொடுத்துவிட்டு உட்காரவில்லை. போனை எடுத்தார். நோட்டில் இருந்தபடி அந்த ஊரைப் பொடியால் கட்டினார். அடியில் பாறை, அதன்மேல் சரள், மேலத்தெருப் பக்கம் எல்லாவற்றுக்கும் மேல் கரிசல். காலனிக்குக் கிழக்கே தனியார் போட்ட ஐந்து துளைகளில் கருங்கல் பொடி வந்திருந்தது. அந்த ஐந்தையும் சேர்த்து ஒரு சுவராக நிறுத்தினார். ஊராட்சி அலுவலரும் ஊரும் எட்டிப் பார்க்க, மழைக்காக விரலை வைத்தார். விரல் தவறிப் பக்கத்திலிருந்த மின்னலில் பட்டது. கரிசலுக்காக அவர் எடுத்திருந்த கருப்புப் பொடி வெடிமருந்து. மேலத்தெரு தீப்பிழம்பாய் வெடித்துச் சிதறியது.

"ஏட்டி, ஊரைக் கொளுத்திட்டாளே!" என்று மேலத்தெருத் துரைப்பாண்டி எழுந்தே விட்டார். காலனியின் கோமதித்தாய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் அடங்காமல், "காலனிக்கு ஒண்ணும் ஆகலம்மா, பாத்தேன்" என்றார். சபை குலுங்கியது.

முப்பிடாதியம்மாள் அலட்டிக்கொள்ளாமல் ஊரை மறுபடியும் கட்டினார். இம்முறை கரிசலுக்குப் பழுப்பு மண். மழை பெய்தது. நீர் மேலத்தெருவுக்கு அடியில் நிற்காமல் வழுக்கிக் கிழக்கே ஓடி, கருங்கல் சுவரில் முட்டி, காலனிக்குக் கீழே குளமாக ஏறியது.

"பொம்மை காட்டுதா இவ" என்றார் காசிராஜன்.

"பொம்மைதான் அண்ணாச்சி. தேங்காயையும் நம்ப வேண்டாம், இதையும் நம்ப வேண்டாம். அஞ்சு துளையில கருங்கல்லு வந்தது நெசம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க தேங்காய எடுத்துக்கிட்டு காலனிக்குள்ள நடந்து பாத்தீங்களா?"

காசிராஜன் அந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான். தேங்காய்க்கும் சாதி கற்றுக்கொடுத்த நாடு இது. அலுவலர் தாளில் 'மேலத்தெரு' என்பதை அடித்தார்.

காலனியில் ஒன்பதாவது குழாய் இறங்கும்வரை வெறும் புழுதி. பத்தாவதில் தண்ணீர் தென்னை உயரத்துக்குச் சீறி, டிரைவரையும் அலுவலரையும் குளிப்பாட்டியது. முப்பிடாதியம்மாள் நனைந்த நோட்டில் 'நூற்றுத்தொண்ணூறு அடி' என்று எழுதியதை இன்னும் காட்டுகிறார். மை கரைந்து பூதம்போல இருக்கிறது.

மோட்டார் மாட்டிக் குழாய் திறந்த நாளில், முப்பிடாதியம்மாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, நானும் வந்தாக வேண்டும் என்று என்னையும் பேருந்தில் இழுத்துப்போனார். குடங்கள் தெருமுனை வரை வரிசையாக நின்றன. மேலத்தெருப் பெண் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு வந்து, காலனி தொடங்கும் இடத்தில் கால் எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றாள். கோமதித்தாய் முப்பிடாதியம்மாளைப் பார்த்தார்.

முப்பிடாதியம்மாள் போய், அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, வரிசையின் கடைசியில் வைத்தார்.