வீட்டில் கேளாத குரல்

எங்கள் துயரில் தோள்கொடுத்த உறவுகளே, நண்பர்களே,

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, துறைமுகத்தில் எழுதுவினைஞராக உழைத்தபடியே கூடைப்பந்தாட்டம் பயின்றவர். மணமுடித்து வெள்ளவத்தைக்கு வந்தபின் மகளிர் கல்லூரியொன்றின் பயிற்றுநரானார். ஒற்றை வளையம் மட்டுமே இருந்த மைதானத்தில் தொடங்கிய அணியை அகில இலங்கைக் கிண்ணம்வரை அழைத்துச் சென்றார். வாழ்நாள் விருது பெற்ற மேடையில் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தம் வீராங்கனைகளின் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினார்.

ஆயினும் மாலையில் வீடு திரும்பும் அப்பாவிடம் குரல் மிஞ்சியிருப்பதில்லை.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கும் கத்தித் துலைச்சிட்டியளோ?" என்று கொத்தமல்லித் தண்ணீரை நீட்டுவார் அம்மா.

விவாத அணியில் கற்ற கர்வத்தோடு நான் குறுக்கிடுவேன்: "அப்பா, தொண்டையால இல்லை, வயித்தில இருந்து குரல் எடுக்கோணும்."

"வயிறு போதுமான அளவு இருக்கு மகள். உனக்கு மைக்கும் இருக்கு," என்று கரகரத்த குரலில் சிரிப்பார்.

அவருடைய ஆட்டங்களும் என் விவாதங்களும் ஒரே மாலைகளில் நடந்தன. அடுத்தமுறை வருவதாக அவரும் சொன்னார், நானும் சொன்னேன். பின்னர் நோய் அவர் தொண்டைக்கே வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் கொப்பியில் எழுதியே கதைத்தார். மைதானத்தை நிறைத்த அந்தக் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இறுதிக்கிரியை நாளில், அவருடைய முதல் அணித்தலைவி ரிஸ்னா மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்தார்.

"அக்கா, அப்பா எப்பிடிக் கத்துவார்? ஒருக்காக் காட்டுங்கோ."

"மையத்து வீட்டுலயா? ஏசுவாங்கம்மா."

நான் விடவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பிள்ளை! பந்தைப் பார்க்காத, ஆளைப் பார்!"

வீடு அதிர்ந்தது. அப்பாவைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பழைய வீராங்கனைகள் அனைவரும், தம்மை அறியாமல், ஒரே வாயாக "சரி சேர்!" என்றனர். அடுத்த கணம் சிரித்தார்கள்; பிறகு முன்னிலும் அதிகமாக அழுதார்கள்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர்கள், இரவும் பகலும் உடனிருந்த அயலவர்கள், அவரைத் தோளில் சுமந்தோர், இந்த ஓராண்டும் அம்மாவைத் தனியே விடாத அணியின் பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்களிடம் அப்பாவின் படங்கள் மட்டுமே இருக்கின்றன. உங்களில் எவருடைய கைப்பேசியிலேனும் ஆட்டமொன்றின் காணொளி இருந்து, அதன் ஓரத்தில் அவர் சத்தமிடுவது கேட்டால், எங்களுக்குத் தாருங்கள். வென்ற ஆட்டமாக இருக்க வேண்டியதில்லை.

மகள்