இரண்டு கட்டை கீழே

கீபோர்டு அண்ணன் தன் லேப்டாப்பை மேசைமேல் நேராக வைக்க மாட்டார். மூலைக்கு ஒன்றாக வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர்களை வைத்து, அவற்றின் மேல்தான் உட்காரவைப்பார். அடியில் காற்று போகாவிட்டால் அது சூடேறிப் பாட்டின் நடுவிலேயே நின்றுவிடும். விருத்தாசலத்தில் பியூஸ் கேரியருக்கு என்ன பஞ்சம்? எங்கள் ஒத்திகை நடந்ததே அவற்றைச் சுட்டெடுக்கும் ஷெட்டில்தான். எங்கள் மெல்லிசைக் குழுவின் ஓனர்தான் அந்த ஷெட்டுக்கும் ஓனர். பகலெல்லாம் பீங்கான் வேலை, சாயங்காலம் ஆனால் தபலா. வாசிக்க உட்காரும் முன் கையில் ஒட்டிய வெள்ளை மண்ணை நகக்கண் விடாமல் கழுவிவிட்டு வருவார். சுவரோரம் அலமாரிகளில் சூளைக்குப் போகக் காத்திருக்கும் சரக்கு வரிசையாக இருக்கும். பேஸ் கிட்டார் சத்தம் கொஞ்சம் கூடினால் அவையெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். ஓனர் வாசிப்பை நிறுத்திவிட்டு முறைப்பார்.

நான் அந்தக் குழுவின் பாடகி. அடக்கமாகச் சொல்லிக்கொள்வது எனக்கு வராது. நல்லூர்ப் பக்கத்துக் கல்யாணமோ கருவேப்பிலங்குறிச்சித் திருவிழாவோ, நான் பாட எழுந்தால் பந்திக்குக் கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்காருவார்கள். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் பெருமையைப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் கதையும் என் குரலின் கதையும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

அண்ணன் முதலில் வைத்திருந்தது பழைய கீபோர்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் வயலின். அதோடு அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். பிறகு யாரோ சொல்லிக் கேட்டு லேப்டாப்பில் ஒரு சின்தசைசர் மென்பொருளை இறக்கினார். அன்றோடு நிம்மதி போயிற்று. இனி கீபோர்டு வெறும் விரல் வைக்கும் பலகை, சத்தம் எல்லாம் லேப்டாப்பிலிருந்து வரும். அந்தத் திரையில் புல்லாங்குழல் என்று ஒன்றும் எழுதியிருக்காது. சக்கரங்களும் கோடுகளும் எறும்பு மாதிரி எழுத்துகளும்தான் இருக்கும். எதை எதோடு வேண்டுமானாலும் இணைக்கலாம், ஒரு சத்தத்தை வைத்து இன்னொரு சத்தத்தை ஆட்டலாம், அதையும் மூன்றாவதாக ஒன்றால் வடிகட்டலாம். "இதுல சத்தத்த தேடக்கூடாது பாப்பா. நாமதான் செய்யணும்" என்பார். அவர் விரலை ஒரே ஒரு ஸ்வரத்தில் வைத்துவிட்டு எடுக்காமல் இருந்தால், அந்தச் சத்தம் மெல்ல விரியும், நிறம் மாறும், உள்ளே ஏதோ மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். பழைய கீபோர்டில் அது சாகும்வரை வராது. முதல் தடவை கேட்டபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும்.

மற்றவர்கள் இலேசில் விடவில்லை. "நான் அடிச்ச பின்னாடி அது உக்காந்து யோசிச்சிட்டு வருது" என்பார் ஓனர். அழுத்துவதற்கும் ஒலிப்பதற்கும் நடுவே ஒரு இமைப்பொழுது இடைவெளி இருந்தது உண்மை. கேட்கிறவருக்குத் தெரியாது, தபலா வாசிக்கிறவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு பாட்டின் சத்தத்திலிருந்து அடுத்த பாட்டின் சத்தத்துக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம். கல்யாண மேடையில் அந்த நேரத்தில் எங்களைப் பிடித்துத் தின்பதுபோல் ஒரு அமைதி விழும். நான்தான் மைக்கில் மணமக்களை வாழ்த்தி, மாமனாரை வாழ்த்தி, சமையல்காரரைக்கூட வாழ்த்திச் சமாளிப்பேன். பேஸ் கிட்டார் தம்பிக்கு வேறு குறை. பகலில் மோட்டார் காயில் கட்டுகிறவன், பேச்சு குறைவு. "அண்ணா, கீழ்ச் சத்தம் பூரா அதுவே வாசிச்சிருது. நான் எதுக்கு? வூட்டுக்குப் போவட்டா?" என்று ஒருநாள் கிட்டாரை உறையில் போட்டுவிட்டான்.

என் புகார் இவர்களுடையதைவிடப் பெரியது. அந்தச் சத்தம் மிக அழகாக இருந்தது, அதுதான் குறை. ஷெட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அதுவே நிறைந்துவிடும். நான் எங்கே நிற்பது? "ண்ணா, நீங்க பந்தி பூரா எல போட்டுட்டீங்க. எனக்கு உக்கார எடம் இல்ல" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அந்தச் சத்தத்தின் நடுப்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். மேலே கொஞ்சம் காற்று, கீழே கொஞ்சம் பாரம், நடுவே வெற்றிடம். அங்கே என் குரல் வசதியாகப் போய் உட்கார்ந்தது. கீழ்ப்பாரத்தைக் குறைத்துத் தம்பிக்கும் இடம் விட்டார். இப்போது என் மகள் இணையத்தில் அந்த மென்பொருளைப் பற்றி எங்கெங்கோ இருக்கிற இசைக்காரர்கள் எழுதியதைப் படித்துக் காட்டுகிறாள். ஆழம் அதிகம், கற்றுக்கொள்வது கஷ்டம், கணினியைத் தின்கிறது, ஆனால் இதுபோல் இன்னொன்று இல்லை என்கிறார்கள். இதையெல்லாம் நாங்கள் பீங்கான் ஷெட்டிலேயே சண்டை போட்டு முடித்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் என் கழுத்தில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். மாதங்கள் கழித்துப் பாட வாயைத் திறந்தேன். கீழே குரல் இருந்தது, முன்னைவிடக் கனமாகவே இருந்தது. மேலே போனால் ஒன்றுமில்லை, வெறும் காற்று. என் வாழ்க்கையில் நான் பயந்து நடுங்கிய நாட்கள் அவை. எங்கள் குழுவின் போர்டில் பெரிய எழுத்தில் "ரெக்கார்டு சுதி" என்று போட்டிருக்கும். பாட்டு எந்தச் சுதியில் பதிவானதோ அதே சுதியில் மேடையில் பாடுவோம் என்று அர்த்தம். இந்த வட்டாரத்தில் குழுக்களுக்குள் அது மானப் பிரச்சினை. இறக்கிப் பாடுகிற பாடகியை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நானே அப்படிப் பார்த்தவள்தான்.

ஓனர் கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். அண்ணன் மன்றாடியதால் சுதியை ஒரே ஒரு கட்டை இறக்க ஒத்துக்கொண்டார். "ஸ்ரீமுஷ்ணத்துல ரிசப்ஷன் இருக்குது. பாடிப் பாரும்மா. ஒத்துவரலன்னா வேற ஆள வச்சிக்கிறேன், தப்பா நெனைக்காத" என்றார். முகத்துக்கு நேராகச் சொன்னதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அண்ணனோடு தனியாகப் பாடிப் பார்த்தபோது, ஒரு கட்டை இறக்கியும் சரணத்தின் உச்சியில் என் குரல் பிசிறியது எனக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும்.

ஸ்ரீமுஷ்ணம் மண்டபத்தில் ஆறரை மணிக்கு மேடை ஏறினோம். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் தாளம் கிடையாது. அண்ணன் அந்த விரியும் சத்தத்தை ஒரு ஸ்வரத்தில் பிடிக்க, நான் தனியாக நாலு வரி பாட வேண்டும். பிடித்தார். என் குரல் தானாக அதோடு சேர்ந்தது. இரண்டாவது வரியில்தான் உறைத்தது: சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இன்னும் கீழே கிடந்தது. அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பிலேயே ஒரு கட்டை இறக்கிச் சேமித்து வைத்திருந்தார். மேடைக்கு வந்ததும், எங்கள் குழுவுக்கு வரும் முன் வருஷக்கணக்காகச் செய்த பழக்கத்தில், விரல் தானாகக் கீபோர்டிலும் சுதி இறக்கும் பொத்தானை அமுக்கிவிட்டது. மொத்தம் இரண்டு கட்டை. திருத்தவும் வழியில்லை. நடுவில் தொட்டால் அந்த நீளமான சத்தம் அறுந்து விழும், புதிதாக எடுத்தால் காத்திருக்க வேண்டும். நாங்கள் சொன்ன குறையெல்லாம் சேர்ந்து எங்களை அங்கேயே கட்டிப்போட்டது.

நான் பாடிக்கொண்டே போனேன். வேறென்ன செய்ய? தாளம் சேரும் இடம் வந்தது. ஓனர் தபலாவில் ஒரு தட்டுத் தட்டினார், சுதி சேரவில்லை. சட்டென்று உள்ளங்கையால் அதை அமுக்கிவிட்டு, அவ்வளவாகச் சுதி பார்க்காத டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டார். தம்பி யாரையும் பார்க்காமல் கையைக் கிட்டாரில் கீழே நகர்த்திக்கொண்டான். சபையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சரணம் வந்தது. உச்சிக்கு ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன், இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குரல் போய் முழுசாக நின்றது. பிசிறில்லை, காற்றில்லை. என் பழைய குரல் இல்லை அது. அதைவிடக் கனமான, எனக்கே புதிய குரல். அண்ணன் சுரண்டி வைத்திருந்த அந்த வெற்றிடம் முழுக்க அது நிறைந்தது. எனக்கு அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டு அடுத்த வரியைப் பாடினேன். சாம்பார் வாளியோடு வந்தவர் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.

இறங்கியதும் அண்ணன் என்னிடம், "மன்னிச்சிடு பாப்பா, ரெண்டு எடத்துலயும் எறக்கிட்டேன்" என்றார். "அத மட்டும் சரி பண்ணிடாதீங்க ண்ணா" என்றேன். ஓனர் திரும்பி வரும் வழியெல்லாம் சுதி சேராத அந்தத் தபலாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். போர்டில் இருப்பது ரெக்கார்டு சுதி, நான் பாடியது இரண்டு கட்டை கீழே. அடுத்த ஒத்திகைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நானாகவே போனேன். வேறு ஒருத்தி அங்கே நின்று பாடினால் அதையும் நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

வேறு யாரும் இல்லை. ஓனர் கை கழுவிவிட்டு வந்து, ஒரு புதுத் துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு தபலா இருந்தது. அவருடைய பழையதைவிட வாய் அகலம். கீழ்ச் சுதிக்கு அதுதான் நிற்கும், பழையதை எவ்வளவு இறக்கினாலும் தொளதொளவென்று ஆகிவிடும். அதைத் துணிப் புரிமணை வளையத்தில் வைத்து, சுதி சேர்க்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே அண்ணனிடம் சொன்னார்.

"சுதி குடுய்யா. அன்னைக்குத் தப்பா வச்ச பாரு, அதையே குடு."