மாமனார் கொடுத்த ஆட்டோமேட்டிக் வாட்ச்

கல்யாணத்தன்று என் மாமனார் மடியில் முடிந்து வைத்திருந்த தன் பழைய வாட்சை எடுத்து என் இடது கையில் கட்டிவிட்டார். “பாடு கீற கையிலதான் இது ஓடும் மாப்ளே” என்றார். அவர் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்து மீனவர். நான் பொன்னேரியில் வளர்ந்து, பழவேற்காட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். பாடுபடுகிற கையில்தான் ஓடும், உட்கார்ந்து தின்கிறவன் கையில் ஓடாது என்று சபையிலேயே குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை என்று மணவறையிலேயே முடிவு செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக்கூட அதற்குப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன்.

அது ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்கிற வசதியே கிடையாது. கை ஆட ஆட உள்ளே ஒரு தகடு சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும். வயிறு நிறைய ஏறிவிட்டால் கழற்றி வைத்தாலும் ஒன்றரை நாள் ஓடும் என்பார்கள். என் கையில் அதற்கு வயிறு நிறைந்ததே இல்லை. என் வலது கை எழுதும். இடது கைக்கு, காற்றாடிக் காற்றில் தாள் பறக்காமல் அழுத்திப் பிடிப்பதுதான் உத்தியோகம். பழவேற்காட்டுக் கல்லறையில் முந்நூறு வருஷமாகப் படுத்திருக்கும் டச்சுக்காரர்கள்கூட என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கை அசைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் சாப்பிட வருவார். செருப்பைக் கழற்றியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக் காதில் வைத்துக்கொள்வார்.

“இன்னா மாப்ளே, ஓடுதா?”

நின்றிருக்கும். அவர் என் கையை விட்டுவிட்டு இலைக்கு முன்னால் உட்காருவார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். அவர் மீன்முள்ளை எடுத்து இலையோரம் வைப்பதுகூட என்னையே ஒதுக்கி வைப்பது மாதிரி இருந்தது.

விடுவேனா? கம்பெனிக்குக் கையை முன்னும் பின்னும் வீசி நடந்தேன். டீக்கடைக்காரர், “இன்னா சார், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களா?” என்றார். அடிபம்பை இடது கையால் அடித்து எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் நிரப்பினேன். “வாட்சு நின்னா நிக்கட்டும், நீங்க நிறுத்தாதீங்க. குடமெல்லாம் ரொம்புது” என்று என் மனைவி உற்சாகப்படுத்தினாள்.

அப்படியும் நின்றது. பொன்னேரிக்கு எடுத்துப்போனேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்தபோது விளிம்பிலிருந்து ஒரு மீன்செதில் எழுந்து வந்தது. “இது வாட்சா, மடவை மீனா?” என்று கேட்டார். உள்ளே உப்பு பூத்து, எண்ணெய் காய்ந்து கிடந்தது. சர்வீஸ் பார்க்காமல் மலையையே ஆட்டினாலும் ஏறாது என்றார். குற்றம் என் கையுடையது மட்டுமல்ல என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சர்வீஸுக்குப் பின் வாட்ச் நன்றாக ஓடியது. ஆனாலும் ஆட்டிக்கொண்டே இருக்க ஒரு கை வேண்டியிருந்தது. அதற்குள் எங்களுக்கு மகள் பிறந்திருந்தாள். அவள் தூளி பகலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. லீவு நாளில் வாட்சைக் கழற்றித் தூளிச் சேலையின் முடிச்சில் கட்டிவிட்டேன். பிள்ளை தூங்கியது, வாட்ச் விழித்திருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

மாமனார் சனிக்கிழமையே வந்துவிட்டார். பேத்தியைப் பார்க்கக் குனிந்தவர் தூளியிலிருந்து வந்த டிக் டிக்கைக் கேட்டு நிமிர்ந்தார். மானம் போயிற்று என்று நினைத்தேன். அவர் முடிச்சை அவிழ்க்கப் போனார். இடது கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. வலது கையால் அதைத் தாங்கித் தூக்கினார். அப்படியும் எட்டவில்லை.

“கல்யாணத்துக்கு முன்னாடியே தோள் பூட்டிக்கிச்சு மாப்ளே. வலை வீச முடில. என் பாட்டைப் பையனுக்கு விட்டுட்டேன். பாடு போச்சு, கைல இதுவும் நின்னுபோச்சு. உங்க கைலயாவது ஓடுதானுதான் வாராவாரம் கேக்கறேன்.”

ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அது ஊரே அறிந்தது, எனக்கும் தெரிந்ததுதான். வாட்சோடு சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை. அவர் குத்தியது என்னை அல்ல. பாடு போன தன் கையைப் பற்றித்தான் அன்று சபையில் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாட்சை அவிழ்த்து அவருடைய இடது கையில் கட்டினேன். தூளியின் பக்கத்தில் உட்காரவைத்து, ஆட்டும் கயிற்றை அந்தக் கையிலேயே கொடுத்தேன். மேலே எழாத கை, பக்கவாட்டில் நன்றாகவே இழுத்தது. தூளி போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டேன். “இன்னா மாமா, ஓடுதா?”

“ஓடுது மாப்ளே” என்றார், கயிற்றை விடாமல். “நாளைக்கும் என் பாடுதான்.”