ஜன்னல் இடுக்கில் பார்த்தவள்

தீபாவளிக்கு மறுநாள் எழிலரசிக்குத் தூங்குவதைத் தவிர வேறு ஆசை கிடையாது. சிதம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடையின் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இருபது நாளாக எண்ணெய்ச் சட்டிகளோடு மல்லுக்கட்டியதில் கால் வீங்கி, விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடந்தது. அன்றைக்குப் பார்த்து சாயங்காலம் சூரிய கிரகணம்.

நாலு மணிக்கே மாமியார் சின்னம்மாள் தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். "அன்னிக்கி இவ ஜன்னல் இடுக்குல பாத்துத் தொலச்சா. புள்ள ஒதடு பொளந்து பொறந்துது."

'அன்னிக்கி' என்றால் 2010 மாட்டுப் பொங்கலன்று வந்த கிரகணம். எழிலரசி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. அவளை உள்ளே தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டதே இந்தச் சின்னம்மாள்தான். நாலு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளுக்கு இந்தப் பெயர்! முதல் இரண்டு வருஷம், "நான் பாக்கல அத்த" என்று அழுதாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கணவன் ஜெயப்பிரகாஷோ இந்தப் பேச்சு வந்தால் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே நழுவிவிடுவான்.

மகள் அறிவுமதிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு மேலுதட்டில் ஒரு தழும்புதான் மிச்சம். டீச்சர் கொடுத்த கிரகணக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போகாமல் நின்றாள்.

"ஏம்மா அன்னிக்கிப் பாத்த?" என்றாள். "எனக்கு இப்படி ஆவும்னு ஒனக்குத் தெரியாதா?"

மாமியார் சொன்னதையாவது எழிலரசி பொறுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையும் நம்பிவிட்டாளே! கண்ணாடியை வாங்கிக்கொண்டு, வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

மணி ஐந்தரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேற்கே பார்த்தாள். சூரியனின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி சின்னதாக ஒரு பள்ளம்.

"இவ்ளோதானா?" என்றாள். மறுபடி பார்த்தாள். இதற்காகவா பன்னிரண்டு வருஷம் பேச்சு வாங்கினோம் என்று ஆத்திரமாக வந்தது.

கீழேயிருந்து சின்னம்மாள் கத்தினாள். "அடியே, மறுபடியும் பாக்குறியா?"

எழிலரசி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "மறுபடியும் இல்ல அத்த. இன்னிக்கிதான் மொத தடவயா பாக்குறேன்."

அறிவுமதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"உக்காரும்மா, கால் வீங்கியிருக்கு" என்றாள்.