வாக்கிங் போய் ஏறிய சர்க்கரை

கொரோனா ஓய்ந்து எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவைத்த சமயம் அது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. எனக்குச் சர்க்கரை கூடிக்கொண்டே போனது. மாத்திரையோடு தினமும் காலையில் நடக்கவும் வேண்டும், அடுத்த பரிசோதனையிலும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். மறுநாளே புது ஷூ வாங்கிவிட்டேன்.

நடக்கத்தான் செய்தேன். ஆனால் எங்கள் ஊர் மரியாதை தெரியுமல்லவா? வாசலில் கோலம் போடுகிறவர், பால் வாங்க நிற்கிறவர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வீட்டுக்குள் போகாமல் எப்படி வருவது? போனால் காப்பி. வேண்டாமென்றால் முகம் வாடிவிடும். முனை வீட்டு டீச்சரம்மா ரிட்டயர் ஆகித் தனியாக இருந்தவர், மகன் வெளியூரில். விடியற்காலையில் சர்ச்சுக்குப் போய் வந்து, கையில் டம்ளரோடு கேட்டிலேயே காத்திருப்பார். அந்தக் காப்பி மணத்துக்கே இன்னொரு வாய் குடிக்கத் தோன்றும். கூடவே ரவா லட்டு வேறு. சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். உடம்பு இளைக்கத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. நடந்துமா இப்படி என்று டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். கடைசியாக ஒரு மாதம் பார்ப்போம், அப்புறம் ஊசி என்றார். மறுநாள் டீச்சரம்மா டம்ளரை நீட்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் டம்ளரை அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் அவர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். சேலைக்குக் கீழே மகனின் பழைய ஷூ.

"வாங்கன்னு கூப்புடாம இருக்க எனக்கு வராதுங்க அம்மணி. அதான் நானே வெளியே வந்துபோட்டனுங்க."

அன்றிலிருந்து இரண்டு பேராக நடந்தோம். எந்த வாசலில் கூப்பிட்டாலும், "ஒரு சுத்து போயிட்டு வாரமுங்க" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். அந்தச் சுற்று முடிந்ததே இல்லை. மழை பெய்தால் குடையோடு என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்; சோம்பலாக இருக்கிறது என்று படுத்துக்கிடக்க முடியாது. அந்த மாதம் சர்க்கரை இறங்கியது, ஊசி தப்பியது. சேதி கேட்டு என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அன்றைக்கு எனக்குக் காப்பி கிடைத்தது, சர்க்கரை இல்லாமல்.

போன வருடம் மகன் அவரைப் பெங்களூருக்கு அழைத்துப்போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. அங்கே யாரும் கூப்பிடுவதில்லை, நிற்காமல் நடக்கலாம். ஆனாலும் அந்தக் கேட் வந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. இன்றுவரை நான் ஊசி இல்லாமல் இருக்கிறேன் என்றால், அந்த அம்மா டம்ளரை உள்ளே வைத்துவிட்டு எனக்காக வெளியே வந்து நின்றதால்தான்.