சிங்குக்கு அடியிலிருந்து ஒரு குரல்

அப்பா இறந்து சில வாரங்கள் ஆகியும் அவருடைய கைப்பேசி ஓயவில்லை. குழாய் ஒழுகுகிறது, தொட்டி நிரம்பவில்லை, கழிவுநீர் போகவில்லை. நான் எடுத்து விஷயத்தைச் சொல்வேன். மறுமுனையில் சங்கடப்படுவார்கள். சிலர் ஆறுதல் சொன்ன கையோடு, "வேற நல்ல பிளம்பர் யாராவது தெரியுமாம்மா?" என்று கேட்பார்கள். ஒழுகுகிற குழாய் யார் துக்கத்துக்காகவும் காத்திருக்காது. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒரு நாள் காலையில் அழைத்த பெண் மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"படத்துல வர்ற பிளம்பரோட நம்பர்தானே?"

"எந்தப் படம்?"

"நூலகத்துல எடுத்துட்டு வந்து பாத்தேன். ஒரு குடும்பத்தப் பத்தின ஆவணப்படம். சிங்குக்கு அடியில படுத்துக்கிட்டு வீட்டையே விரட்டுவாரே, அவர்தான். அவரோட டூல்ஸ் பெட்டியில நம்பர் எழுதியிருந்துச்சு. படத்த நிறுத்தி எழுதிக்கிட்டேன்."

படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னதும், "ஐயோ, அந்தக் குரலா?" என்றார்.

குரல். எங்களிடம் இல்லாதது அதுதான். வீட்டில் எடுத்த காணொளி எல்லாவற்றிலும் படம் பிடித்தவர் அப்பா. கை ஆடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார். நாங்கள் கத்துகிறோம், சிரிக்கிறோம், கேக் வெட்டுகிறோம். அவர் ஒரு சொல் கூடப் பேசவில்லை. நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். கோளாறு என்றால் பதிவைத் தேடுவது என் பழக்கம். இங்கே தேடப் பதிவே இல்லை.

அம்மாவிடம் கேட்டேன்.

"உங்கப்பாவா? படத்துலயா? கல்யாண போட்டோவுக்கே கெஞ்சிக் கூத்தாடி நிக்க வெச்சோம்."

"உன்கிட்ட சொல்லலையா?"

"போற வீட்டுக் குழாயப் பத்தி விடிய விடியப் பேசுவாரு. வீட்டு ஆளுங்களப் பத்தி வாயத் திறக்க மாட்டாரு. நானும் எத்தன தடவ கிண்டிப் பாத்திருக்கேன்! மூணாவது மாடியில என்ன சண்டைன்னு கேட்டா, அங்க வால்வு பழசுன்னு பதில் வரும்."

அது உண்மைதான். தெருவில் அவருக்குப் 'பைப்பு' என்று பெயர். எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது என்பது அத்துப்படி. மாலையில் வலது முழங்கால் நனைந்து வருவார். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து வாஷர்கள் கிடக்கும். ஊரில் பாதிப் பேருடைய சமையலறைக்குள் போய்வந்தவர், எந்தக் குடும்பத்தையும் வெளியே கொண்டுவந்ததில்லை.

நூலகத்துக்குப் போனேன். படங்களுக்குத் தனி அறை. 'குடும்ப வாழ்க்கை' என்று எழுதிய அலமாரி, தரையிலிருந்து என் உயரத்துக்கு.

"எந்தப் படம்னு சொன்னா எடுத்துத் தருவேன்," என்றார் நூலகர். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்த பெண்மணி.

"பிளம்பர் வர்ற படம்."

"கதையே அவரப் பத்தினதா?"

"இல்ல. கால் மட்டும் தெரியும்னு நினைக்கிறேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கால வெச்சு நாங்க அடுக்கி வைக்கறதில்லையேம்மா."

காரணத்தைச் சொன்னேன். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. எழுந்துவந்து, உள்ளூரில் எடுத்த படங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார். "வீட்டுக்குள்ளயே நடக்கற படமா பாருங்க. தோட்டம், கடலெல்லாம் தள்ளி வெச்சிடுங்க."

தண்ணீர்க் குழாய் வரும் காட்சியை மட்டும் தேடுவதாகத்தான் திட்டம். முடியவில்லை. ஒரு படத்தில் லாரி ஓட்டும் தாய், வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பேசியில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். விடை சரியா என்று தெரியாமல் என்னால் ஓட்டித் தள்ள முடியவில்லை. இன்னொன்றில் பிரிந்துபோன கணவனும் மனைவியும் ஒரே அறையில் நடுவே போர்வை கட்டி வாழ்ந்தார்கள். நாய் மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தது. அடுத்தவர் வீட்டைப் பார்ப்பது இவ்வளவு இழுக்கும் என்று நான் நினைத்ததில்லை. இதையெல்லாம் அப்பா தினம் நேரில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து வால்வைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

கடைசியில் கிடைத்தது. வீட்டை விற்பதா வேண்டாமா என்ற தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு குடும்பம். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு மகன்கள், மாடியில் கணவனின் தங்கை, அதாவது மகன்களின் அத்தை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் சீட்டு ஒட்டித்தான் தகவல் சொல்லிக்கொள்வார்கள். கூடத்துச் சுவரில் ஈரம் ஏறுகிறது. பிளம்பர் வருகிறார்.

முதலில் அவருடைய கருவிப் பெட்டி. பிறகு கால்கள். வலது முழங்காலில் ஈரம்.

"ஆளுக்கு ஒரு குழாய் பிடிச்சுக்குங்க. நான் சொன்னா திறக்கணும், சொன்னா மூடணும். செஞ்சிட்டு சத்தமா சொல்லணும். முணுமுணுத்தா எனக்குக் கேக்காது. சமையல்கட்டு, திற!"

"திறந்தாச்சு!"

"குளியலறை!"

"திறந்தாச்சு!"

"மாடி! மாடியில யாரு? தூங்கிட்டாங்களா?"

அத்தைக்குக் கேட்கவில்லை. பெரிய மகன் படிக்கட்டில் நின்று தயங்குகிறான். பிறகு, "அத்தை, திறக்கச் சொல்றாரு!" என்று கத்துகிறான். அந்தப் படத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் கூச்சல். சின்னவன் சிரிக்கிறான். கேமரா ஆடுகிறது.

என் அறையில் ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தேன். பல முறை. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. கசிவைக் கண்டுபிடிக்க இத்தனை பேர் தேவையில்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் கசிகிறதா என்று தெரியும். பிறகு ஒவ்வொரு கிளையாக அடைத்தால் இடமும் தெரியும். ஓர் ஆள் போதும். அவருக்கு இது தெரியாதா? அந்தக் குடும்பத்தைப் பேச வைக்கத்தான் அப்படிச் செய்தாரா?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்வாரு. சும்மா விட்டா தலைமாட்டுல வந்து நின்னு ஆளாளுக்கு யோசனை சொல்வாங்களாம். தூரமா நிக்க வெச்சுட்டா தொல்லை விட்டுச்சுன்னு சொல்வாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"குரல் நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்குது. வா, பாக்கலாம்."

"நீ பாரு. எனக்கு வேல கெடக்கு." முதுகைத் திருப்பிக்கொண்டு குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

வற்புறுத்தவில்லை. கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டேன். ஹெட்ஃபோன் இல்லாமல், சத்தமாக. மாடி, குளியலறை, எல்லாம் வரிசையாக வந்தது. பிறகு அந்தக் குரல், வேலை முடிகிற நேரத்து அவசரத்தோடு:

"சமையல்கட்டு! மூடு!"

எங்கள் சமையலறையில் தண்ணீர் நின்றது.

"மூடியாச்சு!" என்றாள் அம்மா.

நான் திரும்பவில்லை. பிறகு புடவையில் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். திரையில் அந்த வீட்டுக்காரி இன்னும் திருகிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு மெதுவாவா மூடுறது? பாவம், அவரு மூஞ்சியிலதான் கொட்டும்."

கொட்டியது. கால்கள் உதறின. சிங்குக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு துணி கேட்டது. அத்தை மாடியிலிருந்து இறங்கிவந்து தன் துண்டைக் கொடுத்தாள். அண்ணன் குடும்பமே அவளைப் பார்த்தது.

அம்மா மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவங்களுக்குள்ள அப்படி என்னடி சண்ட?"

"வீட்ட விக்கறதுல தகராறு."

"அடப்பாவி மனுஷா, கூடத்துல ஈரம்னு மட்டும்தான என்கிட்ட சொன்ன!" திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு என்னிடம்:

"முதல்லேர்ந்து போடு."